அண்ணையோடு ஸ்பிதிப் பனிக்கு

பலாலி விமான நிலைய வாசலில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, அண்ணையின் மனைவி, என் மச்சாள், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திடு" என்றார்.

அண்ணை எங்களுக்கு முன்னால் போய், தன் கடவுச்சீட்டைக் காவலரிடம் நீட்டிக்கொண்டு நின்றார். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறவர். மயிலிட்டியில் அவருடைய வீட்டு முற்றத்தில் நின்றால் பலாலியில் இறங்கும் விமானம் தலைக்கு மேலால் போகும். ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை என்பார். நான் மானிப்பாயிலிருந்து காலையிலேயே வெளிக்கிட்டு வந்திருந்தேன். முதல் நாள் இரவு நித்திரையில்லை. ஐந்து மாதமாகத் திட்டம் போட்டுப் போட்டு, பயணம் தொடங்கும்போதே எனக்குக் களைத்துவிட்டது.

நாங்கள் போனது இந்தியாவின் வடக்கே, இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீற்றருக்கு மேலே, தை மாசி மாதங்களில் பனி மூடிக் கிடக்கும் இடம். கோடையில் போகிறவர்கள் பலர். நாங்கள் நடு மாரியில் போனோம். ஏன் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

அண்ணையின் ஒரே மகன் தர்சன். எனக்கு மருமகன். ஏஜென்சிக்காரரை நம்பி ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டவன், இரண்டு நாட்டு எல்லைக்கு நடுவில் இருந்த ஒரு காட்டில், மாரிகாலத்தில் இறந்துபோனான். பனி உருகிய பிறகுதான் கண்டெடுத்தார்கள். அந்த ஊர்ச் சனமே அடக்கம் செய்து, மரச் சிலுவை ஒன்று நட்டு, படம் எடுத்து அனுப்பினார்கள். சைவப் பிள்ளைக்குச் சிலுவை நட்டதைப் பற்றி எங்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆரோ ஒருவர் மண் அள்ளிப் போட்டிருக்கிறார்களே என்றுதான் இருந்தது. அந்தக் குழியைப் பார்க்கவென்று அண்ணை விசாக் கேட்டார். இரண்டு தரமும் இல்லையென்று வந்தது.

நான் மானிப்பாயில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறவள். ஆவணியில் ஒரு நாள் அண்ணை மயிலிட்டியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து, சனம் குறையும்வரை வெளியில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். பிரஷர் குளிசைக்கு வந்தவர் என்று நினைத்தேன்.

"பிள்ளை, விசா தாற நாடுகளுக்குள்ளை பனி கொட்டுற இடம் எங்கை கிடக்கு?"

"இந்தியாவிலை கிடக்கு அண்ணை. ஏன்?"

"ஒருக்காப் போய் நிண்டு பாக்கவேணும்."

அன்றிரவு போனில் தேடி, சிம்லாவின் படங்களைக் காட்டினேன். பனிக்கு நடுவில் கடைகளும் காரும் குதிரைச் சவாரியும். அவர் தலையை ஆட்டிவிட்டார். "உது கோயில் திருவிழா மாதிரிக் கிடக்கு. சனமில்லாத இடமாப் பார்." அப்படித்தான் ஸ்பிதி வந்தது.

மாரியில் ஸ்பிதிக்குப் போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு வழிதான் இருக்கிறது. மணாலிப் பக்கத்துக் கணவாய் பனியால் மூடியிருக்கும். சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றோரமாக, கின்னோர் மாவட்டம் முழுவதையும் கடந்து, சுற்றிக்கொண்டு போகவேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ரெக்கோங் பியோ என்ற ஊரில் தனியாக ஓர் அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். எல்லை அருகில் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு. ஒரேயடியாக ஏறினால் தலையிடி, சத்தி, மூச்சுத்திணறல் வரும் என்பதால் ஒவ்வொரு உயரத்திலும் தங்கித் தங்கிப் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் மிக உயரமான இடம் என்று சொல்வதற்கு ஒரு கீரிமலை மேடு இருக்கிறது. அங்கிருந்து வெளிக்கிடுகிற எங்களுக்கு இதெல்லாம் கணக்கிலேயே பிடிபடவில்லை. வைத்தியரிடம் இருவரும் போனோம். அண்ணையின் இருதயம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உயரத்துக்கான குளிசையை எங்கள் பாமசியிலேயே எடுத்தேன்.

உடுப்புக்கு நான் பயந்தேன், ஆனால் அதுதான் சுகமாக முடிந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கனடாவிலிருந்து வந்து போனவர்கள் விட்டுச்சென்ற குளிர்ச் சட்டை ஒன்று அலுமாரிக்குள் கிடக்கும். ஆரும் போட்டதில்லை, எறிந்ததுமில்லை. மூன்று வீட்டில் கேட்டேன், ஐந்து சட்டை வந்தது. எல்லாம் பூச்சி உருண்டை மணம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன் தம்பியின் கையுறையைத் தந்துவிட்டு, "திருப்பித் தரவேண்டாம் பிள்ளை, அவன் இனி வரமாட்டான்" என்றார்.

சப்பாத்துத்தான் கரைச்சல். அண்ணையின் கால் வாழ்நாளில் மூடிய சப்பாத்துக்குள் போனதில்லை. தோணியில் வெறுங்கால், தரையில் ரப்பர் செருப்பு. பாதம் விரிந்து, பெருவிரல் தனியாக நிற்கும். யாழ்ப்பாணம் முழுவதும் அலைந்து, கடைசியாக மருதனார்மடத்தில் கட்டட வேலைக்காரர் வாங்குகிற கடையொன்றில் தடித்த சப்பாத்து ஒன்று அகப்பட்டது. அதைப் போட்டுப் பழகவென்று அவர் ஒவ்வொரு பின்னேரமும் மயிலிட்டித் துறைமுகக் கட்டில் நடப்பார். வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்களாம். "எங்கையண்ணை, ஆமிக்கோ போறியள்?" என்று ஒருவர் கேட்டாராம். அண்ணை அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். நெடுங்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

கார்த்திகையில் மச்சாள் போன் எடுத்தார். அண்ணை தன் படகை எஞ்சினோடு மகளின் புருஷனுக்குக் கொடுத்துவிட்டார் என்றார். வாடகைக்கு அல்ல, கையெழுத்துப் போட்டு. "வந்தாப் பிறகு கடலுக்குப் போறேல்லையோ எண்டு கேட்டன். வந்தாப் பிறகு பாப்பம் எண்டு சொன்னவர்." அதன்பிறகுதான் எனக்கு மற்றவையும் உறைத்தன. திரும்பி வருகிற நாளைப் பற்றி அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை. ரிக்கற் எடுக்கும்போது போகிற நாளை மட்டும் கலண்டரில் பார்த்தார். அங்கே எவ்வளவு குளிர் என்று கேட்டார். எவ்வளவு நேரத்தில் ஆளைக் கொல்லும் என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று என் கணவர் சொன்னார். அவருக்கு முழங்கால் ஏலாது, அதனால் வர முடியாது. நான் இரண்டு நாள் யோசித்தேன். நான் நிறுத்தினால் அண்ணை தனியாகப் போவார். தனியாகப் போகிறதைவிட நான் பக்கத்தில் நிற்கிறது நல்லது என்று முடிவெடுத்தேன். விருப்பத்தோடு எடுத்த முடிவல்ல.

சென்னையில் ஒரு நாள். அங்கிருந்து டில்லிக்கு விமானம், டில்லியிலிருந்து சண்டிகர் வழியாகச் சிம்லாவுக்கு பஸ். சிம்லாவில் மழை. பனியில்லை. அண்ணை அறை யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு உயரத்திலை வீடு கட்டி என்ன செய்யினம்?" என்று கேட்டார். சிம்லாவிலிருந்து ரெக்கோங் பியோ இருநூற்று முப்பது கிலோமீற்றர். அரச பஸ்ஸில் விடிய ஏறி இருட்டுப்படத்தான் இறங்கினோம். சாலை மலையைச் செதுக்கிப் போட்டது. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் வெறும் காற்று, கீழே சட்லெஜ். பன்னிரண்டு அடி அலையில் நின்று பிடிக்கிற மனுசன், ஒவ்வொரு வளைவிலும் முன் கதிரையின் கம்பியை இறுக்கிப் பிடித்தார். எனக்கு இரண்டு தரம் சத்தி வந்து யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். பஸ்ஸில் வந்த ஒரு கின்னோர்க் கிழவி மடியிலிருந்து உலர்ந்த அப்பிள் துண்டு எடுத்துத் தந்தார்.

பியோவில் அலுவலகம் பூட்டு, ஏதோ விடுமுறை. ஒரு நாள் காத்திருந்து, படம் எடுத்துக் கைரேகை வைத்து அனுமதிச் சீட்டை வாங்கினோம். அங்கேதான் தென்சினைச் சந்தித்தோம், நாங்கள் முன்பே போனில் அரைகுறை ஆங்கிலத்தில் பேசி ஒழுங்கு செய்திருந்த ஜீப் சாரதி. நாற்பது வயதிருக்கும். நாங்கள் இருவரும் கதைப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்றார். எனக்குக் காதில் விழுந்தது சரியா என்று தெரியவில்லை. சின்ன வயதில் மாமனோடு ஒவ்வொரு குளிர்காலமும் மதுரைக்குப் போய்க் கம்பளிச் சட்டை விற்றவராம். "மதுரை, திண்டுக்கல், தேனி எல்லாம் தெரியும். ஆனா நீங்க பேசுற தமிழ் வேற மாதிரி இருக்கு."

"எங்கடை தமிழ் இப்பிடித்தான் தம்பி" என்றார் அண்ணை.

பியோவிலிருந்து நாங்கள் போக நினைத்த காஸா நகரம் இருநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. மரங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு ஒன்றுமே இல்லை. மண்ணிறமும் சாம்பல் நிறமுமாக மலை. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் வந்து சேர்கிறது. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து நாக்கோவுக்கு ஏறும். நாக்கோ மூவாயிரத்து அறுநூறு மீற்றர். அங்கே தேத்தண்ணி குடிக்க இறங்கியபோதுதான் முதல் பனி. கடையோரமாகக் குவித்துவிட்டிருந்த, அழுக்கேறிய பழைய பனி. அண்ணை கையுறையைக் கழற்றி அதைத் தொட்டார். ஐஸ் பெட்டிக்குள் மீனுக்குப் போடும் ஐஸை நுள்ளிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

சும்தோ தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. தபோ கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது எதிரில் ஒன்றும் தெரியவில்லை. தென்சின் இறங்கி யாரோடோ கதைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, மேல ரோடு குளோஸ். இங்கதான் தங்கணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது பனிக்குத்தான் தெரியும்."

ஐந்து மாதம் திட்டம் போட்ட காஸாவை நாங்கள் காணவில்லை. அது எனக்குக் கவலையாக இருக்கவில்லை. படுக்க ஓரிடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

தென்சினுக்குத் தெரிந்த டோல்மா என்ற பெண்ணின் வீட்டில் தங்கினோம். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு ஆயிரத்து இருநூறு இந்திய ரூபா. மண்சுவரும் தட்டையான மண்கூரையுமான வீடு. குளிர்காலத்தில் வீட்டின் மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஓர் அறையில் இருக்கிறார்கள். நடுவில் தந்தூர் என்று சொல்கிற இரும்பு அடுப்பு, அதைச் சுற்றிக் கம்பளம். சமையல், சாப்பாடு, நித்திரை எல்லாம் அங்கேதான். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுவதால் பனியை அண்டாவில் அள்ளி அடுப்பில் உருக்குவார்கள். மலசலகூடம் வெளியில், குழிதான். தண்ணீருக்குப் பதிலாகச் சாம்பல். நாங்கள் வந்த அன்றைக்கே மின்சாரம் போனது. போனுக்கும் சிக்னல் இல்லை. மச்சாளுக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்ல முடியவில்லை.

டோல்மாவுக்கு ஐம்பது வயது வரும். புருஷன் அதிகம் கதைக்காத ஆள். டோல்மாவுக்கு இந்தியும் அவர்களுடைய மொழியும்தான் தெரியும், எங்களுக்கு அவை இரண்டும் தெரியாது. தென்சின் இருந்தால் மொழிபெயர்ப்பார், இல்லாவிட்டால் கையால் கதைத்தோம். அண்ணை மச்சாள் கட்டிக்கொடுத்த கட்டாக் கருவாட்டுப் பொதியை எடுத்து, அடுப்பு மேல் வைத்துச் சுடலாமா என்று சைகையால் கேட்டார். டோல்மா தலையாட்டினார். மணம் எழும்பியதும் அந்தக் குளிரில் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புருஷன் மாத்திரம் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. அண்ணை யன்னலோரமே இருந்தார். எனக்குத் தலையிடி குறையவில்லை. குளிசை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அவர் எழும்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவர் வெளியே போகும்போதெல்லாம் நானும் எழும்பிக் கதவடிக்குப் போவேன். மலசலகூடத்துக்குப் போகிறவரைக் காவல் காக்கிறது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிய நான் முழித்தபோது அறைக்குள் வெளிச்சம் கண்ணைக் கூசியது. பனி நின்று வெயில் எறித்தது. அண்ணையின் படுக்கை வெறுமை. சட்டையும் சப்பாத்தும் இல்லை. கையுறை கிடந்தது. டோல்மாவும் புருஷனும் கூரைமேல் நின்று பலகையால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் மண்கூரை இறங்கிவிடுமாம். நான் வெளியில் வந்து கையை விரித்தேன். டோல்மா ஆற்றுப் பக்கத்தைக் காட்டினார். இலையில்லாத அப்பிள் மரங்களுக்கு நடுவால் ஒரு மனுசனின் அடி மட்டும் போயிருந்தது.

அந்தத் தோட்டத்தைக் கடக்க எனக்கு எவ்வளவு நேரம் சென்றதோ தெரியாது. முழங்கால்வரை புதைந்தது. நாலடி வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். தோட்டத்துக்கு அப்பால் வெளி. வெளியின் முடிவில் ஆறு, ஓரம் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. அண்ணை அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"சும்மா நிக்கிறன்."

"வாங்கோ, போவம்."

அவர் மறுக்கவில்லை. திரும்பி என்னோடு நடந்தார். நான் வந்த அடியில் அடி வைத்து, முன்னுக்கு நானும் பின்னுக்கு அவருமாக. பாதித் தூரம் வந்திருப்போம். பின்னால் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அண்ணை பனிக்குள் அப்படியே உட்கார்ந்து இருந்துவிட்டார். விழவில்லை. கதிரையில் இருப்பதுபோல இருந்தார்.

"நீ முன்னுக்குப் போ பிள்ளை. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

"எழும்புங்கோ அண்ணை."

"போ. வாறன்."

நான் திரும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். கை மரக்கட்டை மாதிரி இருந்தது. அவர் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த பார்வை இல்லை. திடீரென்று ஒன்று காதில் விழுந்தவர்போல இருந்தது.

"பிள்ளை, நான் இப்ப என்ன சொன்னனான்?"

"இருந்திட்டு வாறன் எண்டு சொன்னியள்."

"ஓம்." பிறகுதான் சொன்னார். "உங்களொருத்தருக்கும் நான் சொல்லேல்லை. தர்சனோடை போன பெடியன் ஒருதன் தப்பி ஜேர்மனிக்குப் போனவன். அவன் எனக்குப் போன் எடுத்தவன். தர்சன் நடுவழியிலை இருந்திட்டானாம். நீங்கள் போங்கோ, நான் இருந்திட்டு வாறன் எண்டு சொன்னவனாம். இவங்கள் நம்பி அவனை விட்டிட்டுப் போயிட்டாங்கள்."

நான் அவர் பக்கத்தில் குந்தினேன். அவருடைய கையை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அவன் மனம் விட்டிட்டான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான். வேணுமெண்டு இருந்தவன் எண்டு. தாய் தேப்பனை நினைச்சிருந்தால் எழும்பியிருப்பான் எண்டு எனக்குள்ளை அவனோடை கோவம். செத்த பிள்ளையோடை கோவம், பிள்ளை. ஆருக்குச் சொல்லுறது?" அவர் மூச்சு வாங்கினார். "இப்ப நான் சொல்லேக்கை வருவன் எண்டுதான் சொன்னனான். பொய்யில்லை. கொஞ்சம் களை ஆறினால் எழும்பி வருவன் எண்டுதான் நினைச்சனான். அவனும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறான். வரத்தான் இருந்தவன்."

எனக்கு அழவும் மூச்சு இல்லை. "சரி அண்ணை, எழும்புங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் எழும்பப் பார்த்தார். கால் கேட்கவில்லை. நான் இழுக்க, என் கால் வழுக்கி நானும் இருந்துவிட்டேன். அந்த நேரம் டோல்மா வந்துகொண்டிருந்தார். நான் கையுறையில்லாமல் ஓடியதைக் கூரையிலிருந்து கண்டுவிட்டு, பனி தள்ளுகிற பலகையோடே வந்தவர். அவர்களுடைய மொழியில் எங்கள் இருவரையும் நன்றாக ஏசினார். ஏச்சு எந்த மொழியிலும் விளங்கும். பலகையை ஊன்றக் கொடுத்து, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானுமாகத் தூக்கி அண்ணையை நிறுத்தினோம். மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது தென்சின் வாசலில் நின்று, "என்ன அண்ணே, வாக்கிங்கா?" என்று கேட்டார். எங்கள் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

டோல்மா அண்ணையின் கையை அடுப்பில் காட்ட விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, தன் கையால் மெல்ல அழுத்தினார். உணர்வு திரும்பும்போது அண்ணையின் முகம் கோணியது. எல்லோரும் வெளியே போன பிறகு நான் கேட்டேன். கேட்காமல் விட்டால் இனி ஒரு நாளும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது.

"அண்ணை, திரும்பி வாற யோசினையோடைதான் வந்தனீங்களோ?"

அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்தார்.

"வெளிக்கிடேக்கை தெரியாது. உண்மையாத் தெரியாது."

"இப்ப?"

"இப்பக் குளிருது. உந்த டோல்மாப் பிள்ளையிட்டைத் தேத்தண்ணி கேள்."

உப்பும் வெண்ணெயும் போட்ட அவர்களுடைய தேத்தண்ணியை முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தவர், அன்றைக்கு மூன்று கோப்பை குடித்தார். நான் அடுப்போரம் படுத்தவள், பின்னேரம்வரை எழும்பவில்லை. பலாலியை விட்ட பிறகு நான் அவருடைய சத்தத்துக்குக் காது கொடுக்காமல் நித்திரை கொண்டது அன்றைக்குத்தான்.

பாதை திறக்க மேலும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அண்ணை டோல்மாவின் புருஷனோடு கூரையில் ஏறிப் பனி தள்ளினார். இருவருக்கும் ஒரு சொல்கூடப் பொதுவில்லை. பின்னேரங்களில் தபோவின் பழைய மண் கோயிலைச் சுற்றி ஊர்ச்சனம் நடக்கும்போது அவரும் பின்னால் நடந்தார். உள்ளே போகவில்லை. நான் போனேன். இருட்டு, எண்ணெய் விளக்கு மணம், சுவர் முழுக்க ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஓவியங்கள். இவ்வளவு தூரம் வந்து அதை நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. போகிறவர்கள் எனக்காகவும் நன்றாகப் பாருங்கள்.

விடைபெறும்போது டோல்மா ஒரு பை உலர்ந்த அப்பிள் தந்தார். அண்ணை மிச்சக் கருவாட்டைப் புருஷனிடம் கொடுத்தார். ஜீப் கீழே இறங்க இறங்க மலையில் புல் தெரிந்தது, பிறகு மரம், பிறகு வெள்ளாடு. அண்ணை சாலையைப் பார்க்காமல் நித்திரையாகிவிட்டார். தென்சின் மதுரையில் தான் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பனியைப் பார்க்கப் போகலாமா என்று இப்போது பாமசிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். போகலாம். குளிசை, அனுமதிச் சீட்டு, நல்ல சப்பாத்து, வேண்டிய அளவு பொறுமை. திட்டம் போட்ட இடத்துக்குப் போய்ச் சேராமலும் விடலாம். எங்கள் ஊரில் மார்கழிப் பனி விடியற்காலையில் புல்லில் கிடக்கும், வெயில் ஏற முதல் போய்விடும். அதையும் இதையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. குளிர் எங்களுக்கு அறியத் தேவைப்படாத ஒன்றாக இருந்தது, பிள்ளைகள் குளிர் நாடுகளுக்குப் போகும்வரைக்கும்.

பலாலியில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. மயிலிட்டிக்கு ஓட்டோவில் போனோம். மச்சாள் வாசலில் நின்றார். அண்ணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார். குசினிக்குள் பாய் போட்டுச் சோறும் விளைமீன் குழம்பும் வைத்தார். கை கழுவித் திரும்பி வந்து இருந்த பிறகுதான் அண்ணை அந்த ஜேர்மனிப் பெடியன் சொன்னதைச் சொன்னார். தான் பனிக்குள் இருந்ததையும் சொன்னார். நான் எழும்பிப் போகப் பார்த்தேன், மச்சாள் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இருத்திவிட்டார்.

கேட்டு முடித்தபின் மச்சாள் குழம்புச் சட்டியை மூடிவைத்தார். பிறகு பனிக்குள் இருந்தால் எப்படி இருக்குமென்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கால் நோகுமோ?"

"முதலிலை நோகும். பிறகு தெரியாது."

"தாகம் எடுக்குமோ?"

"எடுக்கும். பனியை அள்ளி வாயிலை வைக்கலாம்."

"பயமா இருக்குமோ?"

அண்ணை யோசித்தார். பொய் சொல்லக்கூடாது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"இல்லை. களையா இருக்கும். கொஞ்சம் இருந்திட்டுப் போவம் எண்டு மட்டும் இருக்கும்."

மச்சாள் தலையாட்டினார். சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கினார். எனக்கு மானிப்பாய்க்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.